பாலாற்றைப் பங்கு போடும் முன்: ஆற்றுக்கு எவ்வளவு என்று யார் சொல்வது?

#1 காட்பாடி வாத்தியார்

பாலாறு என்று ஆரம்பித்தாலே நம்ம பக்கம் பேச்சு இரண்டு திசையில்தான் போகும். ஆந்திரா தடுப்பணையை உயர்த்திவிட்டது. தோல் பதனிடும் டேனரிகள் தண்ணீரைக் கெடுத்துவிட்டன. இரண்டும் உண்மை. நான் கேட்க வந்தது வேறு. நாளைக்கே உச்ச நீதிமன்றம் "சரி, மூன்று மாநிலமும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், நாம் எந்தக் கணக்கோடு போய் நிற்போம்?

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. நந்தி மலையில் பிறந்து வாயலூரில் கடலில் சேரும் 348 கிலோமீட்டரில் கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். 1892ஆம் ஆண்டு மைசூர்–சென்னை ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் உண்டு. கீழே இருப்பவரின் சம்மதம் இல்லாமல் மேலே புதிய நீர்த்தேக்கம் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். 2006இல் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை என்று ஆந்திரா சொன்னபோதும், 2016இல் வாணியம்பாடியை ஒட்டிய புல்லூர் தடுப்பணை 5 அடியிலிருந்து 12 அடியானபோதும் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஆனால் அந்த 1892 தாளில் ஆறு உயிரோடு இருக்க எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியே கிடையாது. அந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை.

பிறகு கேட்டார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் மொத்தம் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) என்று கணக்கிட்டு, அதில் சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சி ஒதுக்கியது. அதாவது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. கங்கைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை கொஞ்சம் புத்திசாலித்தனமானது. ஹரித்வாருக்கு மேலே உள்ள பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி ஓட்டத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் ஆற்றில் விடவேண்டும். மாதத்துக்கு மாதம் அளவு மாறுகிறது, பாருங்கள்.

இரண்டுமே பாலாற்றுக்கு ஒத்துவராது. வருடம் முழுக்க ஓடும் ஆற்றுக்குத்தான் "இத்தனை சதவீதம் ஓடட்டும்" என்று சொல்ல முடியும். பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆற்றில் பூஜ்யத்தின் முப்பது சதவீதமும் பூஜ்யம்தான். 1976இல் டெனன்ட் என்ற அமெரிக்கர் சொன்ன புகழ்பெற்ற முறை ஒன்று இருக்கிறது. சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் இருந்தால் மீன் பிழைத்துக் கிடக்கும், 30 சதவீதம் இருந்தால் ஓரளவு நன்றாக வாழும் என்பது மாதிரி. அது மொன்டானா பக்கத்து வற்றாத ஓடைகளைப் பார்த்துச் சொன்னது. அதைத் தூக்கிவந்து பள்ளிகொண்டாவில் வைத்தால் சிரிப்புத்தான் வரும்.

என் கட்சி இது. பாலாற்றின் பங்கை டிஎம்சியில் எழுதக்கூடாது. எந்தெந்த வெள்ளத்தை யாரும் தொடாமல் விடவேண்டும், மணலுக்குள் தண்ணீர் எந்த ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற இரண்டாக எழுதவேண்டும். அப்படி எழுதினால் அது ஆந்திராவை மட்டும் கட்டுப்படுத்தாது. நம்மையும் கட்டும். அந்த இடத்தில் எத்தனை பேர் என்னோடு நிற்பீர்கள் என்று பார்க்கத்தான் இந்த இழை.

#2 விரிஞ்சிபுரம் தென்னந்தோப்பு

வாத்தியாரே, படிக்க நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். வருகிற நாலு வெள்ளத்தில் ஒன்றைத் தொடாமல் கடலுக்கு விடவேண்டும் என்கிறீர்களா? 2021இல் எங்கள் ஊர் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போன வெள்ளம் முழுக்கக் கடலுக்குத்தான் போனது. அதில் எனக்கு என்ன கிடைத்தது? இங்கே தென்னைக்கு டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றின வருடங்களும் உண்டு. மீனுக்குப் பங்கு, நாணலுக்குப் பங்கு என்று நீங்கள் பிரித்து முடிப்பதற்குள் என் தோப்பு காய்ந்துவிடும்.

#3 பழைய ஏஇ (உதவிப் பொறியாளர்)

அண்ணே, 2021இல் உங்களுக்குக் கிடைத்தது என்ன என்று நான் சொல்கிறேன். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது, அடுத்த கோடையில் எவ்வளவு நாள் நின்றது? வேலூரில் கிணறு வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பதில் தெரியும்.

சில கணக்கு. அந்த நவம்பரில் வாலாஜா பாலாறு அணைக்கட்டில் லட்சம் கன அடிக்கு மேல் போனது. லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் 8.64 டிஎம்சி. அவ்வளவையும் பிடிக்க இந்த மாவட்டத்தில் இடமே கிடையாது, கட்டவும் முடியாது. அதில் பெரும்பங்கு ஆந்திரத் தடுப்பணைகளைத் தாண்டி வந்தது என்றும் நினைக்காதீர்கள். சித்தூர்ப் பக்கமிருந்து பொன்னை ஆறு கொண்டுவந்ததும் கணிசம். அது பாலாற்றில் சேருவது திருவலத்தில், அதாவது வேலூரைத் தாண்டி. பாலாறு என்றால் புல்லூர் வழியாக வருவது மட்டும் என்று பேசுவதே பாதிக் கணக்கு. மலட்டாறு, கவுண்டன்யா, அகரம் ஆறு, பொன்னை, கீழே செய்யாறு எல்லாம் சேர்ந்ததுதான் பாலாறு.

இப்போது மணல். ஒரு பேச்சுக்கு, ஆறு 500 மீட்டர் அகலம், மணல் 5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 25 லட்சம் கன மீட்டர் மணல். அதில் ஐந்தில் ஒரு பங்கு, வடித்து எடுக்கக்கூடிய தண்ணீர். 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்று கொடுத்தால் லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு 37 நாள் வரும். ஒரே ஒரு கிலோமீட்டரில். இதற்குக் கரை கட்டவேண்டாம், நிலம் எடுக்கவேண்டாம். மேலே ஒரு மீட்டர் காய்ந்துவிட்டால் அதற்குக் கீழே வெயிலுக்கு ஆவியாவதும் மிகக் குறைவு. நம்ம ஊர் வெயிலில் இது பெரிய விஷயம்.

அதே கிலோமீட்டரில் இரண்டு மீட்டர் மணலை லாரியில் ஏற்றிவிட்டால் போகிற கொள்ளளவு 20 கோடி லிட்டர். அதை எந்த மாநிலமும் நம்மிடமிருந்து எடுக்கவில்லை. நாமே விற்றோம்.

#4 வாலாஜா ஆயக்கட்டு

ஏஇ சார் மணலைப் பற்றிச் சொன்னது சரி. ஊற்றுக்கால் என்று ஒன்று இருந்ததே, அதை யாரும் ஏன் சொல்லவில்லை? ஆற்று மணலில் நீளமாகப் பள்ளம் எடுத்து, ஊறிவரும் தண்ணீரைக் கால்வாயாகக் கரைக்கு ஏற்றி நஞ்சைக்குப் பாய்ச்சினார்கள். ஆறு மேலே ஓடாத மாதத்திலும் பயிர் நின்றது. வருடா வருடம் ஊர் கூடித் தூர் எடுக்கவேண்டும், தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருக்கும் நீர்க்கட்டி முறை பார்த்துத் திறந்துவிடுவார். மணல் இறங்கியதும் ஊற்று மட்டம் கீழே போய், கால்வாய் மேலே தொங்கிக்கொண்டு நின்றது. அப்புறம் ஆளுக்கு ஒரு போர்வெல்.

1850களில் கட்டின அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர் ஏரிகளுக்குத் தண்ணீர் போகிறது. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. எங்களுக்கும் வெள்ளம் வேண்டும். ஆனால் வாத்தியார் சொல்கிற "தொடாத வெள்ளம்" வந்தால் எங்கள் மதகை மூடச் சொல்வாரா? ஏரி நிரம்பிக் கோடி வழிந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஆயக்கட்டில் வந்து கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

#5 குப்பம் தமிழன்

ஆந்திராக்காரன் ஆந்திராக்காரன் என்று எல்லோரும் எழுதுகிறீர்களே, இந்த இழையைத் தமிழில் படிப்பதே ஒரு குப்பத்துக்காரன்தான். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான். கோடு போட்டது பிறகு.

எங்கள் பக்கத்து நிலைமை இது. மண் மேலாக இருக்கும், கீழே பாறை. போர் போட்டால் ஆயிரம் அடி போகவேண்டியிருக்கும், தண்ணீர் வரும் என்று உத்தரவாதம் இல்லை. காய்கறியும் பட்டுப்பூச்சியும் மாடும்தான் பிழைப்பு. 33 கிலோமீட்டர் ஆறு ஓடுகிற ஊரில் ஒரு தடுப்பணைகூட வேண்டாம் என்று எங்களிடம் சொன்னால் கோபம் வராதா? அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடுப்பணை ஊருக்கு நல்லது. இருபது தடுப்பணை அடுத்தடுத்து வந்தால் சின்ன வெள்ளம் எதுவும் எல்லையைத் தாண்டாது. தாண்டுவது எங்களாலேயே பிடிக்க முடியாத பெரிய வெள்ளம் மட்டும். உங்களுக்கு ஒன்று வறட்சி, இல்லாவிட்டால் பாலம் உடைப்பு. இது நியாயம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இப்போது ஹந்திரி–நீவா கால்வாயின் குப்பம் கிளையில் கிருஷ்ணா தண்ணீர் இங்கே வரை வருகிறது. அது நிலையாக வந்தால் பாலாற்றின் மேல் எங்கள் பிடியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று பேச ஆரம்பிக்கலாம். பேச ஆரம்பிக்கலாம் என்றுதான் சொல்கிறேன், விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் இதைப் படமெடுத்துப் போடவேண்டாம்.

இன்னொன்று, கர்நாடகத்தை யாருமே தொடவில்லை. பேத்தமங்கலா ஏரி பாலாற்றின் மேல்தான். கோலார் ஏரிகளுக்கு 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். ஏரி நிரம்புகிறது, நிலத்தடி நீர் ஏறுகிறது, அந்த ஊர் விவசாயிக்குச் சந்தோஷம். ஆனால் அது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிற்கும் தண்ணீர். ஆற்றின் தலையில் ஊற்றப்படுகிறது. கீழே வரும் தண்ணீர் எவ்வளவு என்பதோடு எப்படிப்பட்டது என்றும் கேட்கவேண்டாமா?

#6 இழை நிர்வாகி

ஐந்தாம் பதிவுக்குக் கீழே வந்த இரண்டு மறுமொழிகளை நீக்கிவிட்டேன். மாநிலத்தை வைத்து ஆளைத் திட்டுவது இங்கே கூடாது. தொடருங்கள்.

#7 ஆம்பூர் டேனரி

"எப்படிப்பட்டது" என்று கேட்டதால் நான் வருகிறேன். எப்படியும் என் பக்கம் கல் வரும் என்று தெரிந்துதான் காத்திருந்தேன்.

நான் முதலாளி இல்லை, டேனரியில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துகிறவன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி வந்த தீர்ப்பு எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று அதில் வரும். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக மதிப்பீடும் வரும். கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற இரண்டு கொள்கையும் இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக நுழைந்தது இந்தப் பாலாற்றால்தான். 2001இல் இழப்பீட்டு ஆணையம் 547 டேனரிகளை அடையாளம் கண்டு 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்றது. அதுவே முடியாமல் இழுத்து, 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு குழு போடச் சொன்னது.

நான் சொல்ல வந்தது தீர்ப்பை அல்ல. குரோமியம் குரோமியம் என்று எல்லோரும் பேசுவார்கள். அது உண்மையான ஆபத்து. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையில் குவிந்திருக்கும் கழிவே இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். ஆனால் விவசாயியின் கிணற்றை உப்பாக்கியதில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவி வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அத்தனையும் தண்ணீரில். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைப் பிடித்து வண்டலாக்கும். கரைந்த உப்பைப் பழைய நிலையங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு கூடாது என்பது விதி. அதைத் தொடவே எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ), கொதிகலன் ஆவியாக்கி எல்லாம் வேண்டியிருந்தது. இப்போது கழிவுநீர் வெளியே வராத முறை என்கிறோம், தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, கடைசியில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிற்கிறது. வாங்க ஆள் இல்லை.

இதில் உங்கள் விவாதத்துக்கு என்ன சம்பந்தம் என்றால், முன்பு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஆறு ஓடியபோது உப்பைக் கழுவிக்கொண்டு போனது. ஓட்டம் நின்றதும் உப்பு நிலத்தடியில் தங்கிவிட்டது. மாநிலத் தகராறு வேறு, மாசு வேறு என்று பிரிக்கிறீர்களே, கிணற்றுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

#8 காட்பாடி வாத்தியார்

ஆம்பூர்த் தம்பி எழுதினதற்குக் கல் எறிய முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: உப்பைக் கழுவ வெள்ளம் வேண்டும் என்ற வாதத்தை, கழிவைக் கலக்க வெள்ளம் வேண்டும் என்று நாளைக்கே யாராவது திருப்பிவிடுவார்கள். ஆற்றின் பங்கில் கழிவைக் கரைப்பதற்கு இடம் வைக்கவே கூடாது. பழைய உப்பு போகட்டும், புது உப்பு வரக்கூடாது.

தென்னந்தோப்பு அண்ணனுக்கும் வாலாஜாவுக்கும் சேர்த்துப் பதில். நம்மைப் போலவே மணலில் முடிந்துபோன ஒரு ஆற்றில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் 1922இல் பங்கு போட்டன. அப்போது கையில் இருந்தது நல்ல மழை பெய்த வருடங்களின் அளவு. இல்லாத தண்ணீரைப் பிரித்துக் கொடுத்தார்கள். கடைசியில் இருக்கும் மெக்சிகோவின் முகத்துவாரம் மணல்காடு ஆனது. 2014 மார்ச் முதல் எட்டு வாரம், இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுச் சுமார் 13 கோடி கன மீட்டர் தண்ணீரை, நம்ம கணக்கில் 4.6 டிஎம்சி, செயற்கை வெள்ளமாகத் திறந்துவிட்டார்கள். ஆறு கடலைத் தொட்டது. ஆற்றோர மரங்கள் துளிர்த்தன. விஞ்ஞானிகள் வழி முழுக்க அளந்தார்கள். பெரும்பகுதி வழியில் இருந்த வறண்ட மணலிலேயே இறங்கிவிட்டது என்று தெரிந்தது. அதனால் அடுத்த ஒப்பந்தத்தில் முறையை மாற்றினார்கள். குறைந்த தண்ணீரை, விவசாயிகளின் வாய்க்கால் வழியாகவே கொண்டுபோய், எந்த இடத்தில் மரமும் மண்ணும் ஏற்கும் நிலையில் இருக்கிறதோ அங்கே விட்டார்கள்.

விஞ்ஞான ஆலோசனை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். முதலில் ஒரு அளவு, விட்டுப்பார்த்து அளப்பது, அப்புறம் மாற்றுவது. ஒருதடவை தீர்ப்பில் எழுதி நூறு வருடம் பூட்டி வைப்பது இல்லை. வாலாஜா மதகை மூடச் சொல்லவில்லை. முதல் வெள்ளம் வரும்போது மணல் காய்ந்து கிடக்கும், அதைக் குடிக்க விடவேண்டும். மணல் நனைந்த பிறகு வரும் வெள்ளத்தில் ஏரிக்கு எடுங்கள். எவ்வளவு நாள் இடைவெளி என்பது யாரும் அறையில் உட்கார்ந்து சொல்லக்கூடியதல்ல. கரையோரக் கிணறுகளை அளந்தால்தான் தெரியும்.

#9 பழைய ஏஇ

வாத்தியார் கொலராடோவோடு நிறுத்திவிட்டார். விஞ்ஞானி சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. ஆஸ்திரேலியாவில் மர்ரே–டார்லிங் ஆற்றுக்கு 2007இல் சட்டம் போட்டு, விவசாயத்திலிருந்து எவ்வளவைக் குறைத்து ஆற்றுக்கு விடவேண்டும் என்று வல்லுநர்களைக் கேட்டார்கள். 2010இல் 3,000 முதல் 4,000 ஜிகாலிட்டர் வரை குறைக்கும் வழிகளை ஆணையம் முன்வைத்தது. கிரிஃபித் ஊரில் விவசாயிகள் அந்த அறிக்கையைக் கூட்டத்தில் கொளுத்தினார்கள். 2012இல் திட்டம் 2,750 என்று இறங்கியது. அது சுமார் 97 டிஎம்சி. 2019இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் விசாரணை ஆணையம், அரசியலுக்காக விஞ்ஞானம் வளைக்கப்பட்டது என்று கடுமையாக எழுதியது. அதே கோடையில் டார்லிங் ஆற்றில் மெனிண்டீ அருகே லட்சக்கணக்கில் மீன் செத்து மிதந்தது.

கொளுத்தின விவசாயியையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே அரசு ஒரு காரியம் செய்தது. விருப்பப்பட்டு விற்கிறவரிடம் தண்ணீர் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கி ஆற்றுக்கு எழுதிவைத்தது. இங்கே நம்மிடம் விற்க உரிமைப் பத்திரமே கிடையாது. நிலம் யாருடையதோ கீழே இருக்கும் தண்ணீரும் அவருடையது என்பதுதான் நடைமுறை. 2003இல் தமிழ்நாடு ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. 2013இல் அதையே நீக்கிவிட்டது.

#10 விரிஞ்சிபுரம் தென்னந்தோப்பு

ஆக, சுற்றிச்சுற்றி என் போருக்கு வந்துவிட்டீர்கள். இலவச மின்சாரம் இருப்பதால்தான் ஆறு காய்ந்தது என்று அடுத்த பதிவில் எழுதுவீர்கள், எனக்குத் தெரியாதா?

நான் ஒன்று கேட்கிறேன். வேலூர் நகரத்துக்குக் காவிரித் தண்ணீர் மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வருகிறது. நகரத்தின் சாக்கடை எங்கே போகிறது? என் கண்ணுக்கு முன்னால் பாலாற்றில். விவசாயி போரை அளக்கவேண்டுமாம், நகரம் காவிரியைக் குடித்து பாலாற்றில் விடுமாம். முதலில் அதைச் சுத்தம் பண்ணி மணலில் விடுங்கள். கோலாருக்குப் பெங்களூரு விட்ட மாதிரி இல்லாமல் ஒழுங்காகச் செய்து விடுங்கள். வருடம் முழுக்க வருகிற தண்ணீர் அது ஒன்றுதான்.

#11 வாயலூர் அக்கா

இழையில் எல்லோரும் மேலே இருப்பவரைப் பார்த்தே பேசுகிறீர்கள். கீழே ஒருத்தி இருக்கிறேன். எங்களுக்கு வேலூரும் ராணிப்பேட்டையும்தான் ஆந்திரா.

மேலே எல்லோரும் "கடலுக்கு வீணாகப் போகிறது" என்று எழுதும்போது வயிறு எரிகிறது. கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். அந்த ஒரு அடி இறங்கினால் அதே கணக்கில் உப்பு மேலே ஏறும். உப்பு ஏறாமல் இருக்கத்தான் இங்கே தடுப்பணை கட்டினார்கள். கிணறு பரவாயில்லை. ஆனால் முகத்துவாரம் திறந்து ஆற்றுத் தண்ணீரும் கடலும் கலக்கும்போதுதான் மடவையும் கொடுவாவும் இறாலும் உள்ளே வரும். அது எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதுதான் வலை போடுகிறவருக்குக் கணக்கு. கிணற்றுக்கு நல்லது செய்கிற அதே சுவர் இதைக் குறைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கிற ஆளை நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. பொறியாளர் வருவார், மீன்வளத்துறை வேறு நாள் வரும்.

#12 குப்பம் தமிழன்

அக்கா சொன்ன "எங்களுக்கு வேலூர்தான் ஆந்திரா" என்பதை எங்கள் எம்எல்ஏவுக்கு அனுப்பப்போகிறேன். :)

#13 நாகநதி

படித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று சேர்க்கிறேன். கணியம்பாடிப் பக்கம் எங்கள் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஆற்றுப் படுகையிலும் ஓடைகளிலும் உறை இறக்கி, தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டும் கிணறுகள் வைத்தார்கள், மலைச்சரிவில் கல் தடுப்பு போட்டார்கள். 2021இல் பிரதமர் வானொலியில் பேசும் அளவுக்குப் போனது. கிணறுகளில் தண்ணீர் ஏறியது உண்மை. அதனால் எல்லோரும் எடுப்பதும் ஏறியது. செறிவூட்டலைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும். எடுப்பதற்கு ஊர் ஒரு அளவு வைக்காவிட்டால், ஏறின தண்ணீர் நெல்லுக்கும் கரும்புக்கும் போய்விடும். இலவம்பாடி முள்ளுக் கத்திரி போட்டவருக்கும் கரும்பு போட்டவருக்கும் தண்ணீர்த் தேவை ஒன்றா?

#14 காட்பாடி வாத்தியார்

நாகநதி சொன்னது என் முதல் பதிவின் இரண்டாம் பாதி. மணலுக்குள் ஒரு மட்டம் குறித்து, அதற்குக் கீழே போனால் நகரமும் சரி, தோப்பும் சரி, நிறுத்தவேண்டும் என்பது. தென்னந்தோப்பு அண்ணன் சாக்கடை பற்றிச் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். போரை அளக்கும் நாளிலேயே சாக்கடையையும் அளக்கவேண்டும். இல்லாவிட்டால் விவசாயி எதற்கு நம்பவேண்டும்?

நடக்கக்கூடியது ஒன்று சொல்கிறேன். பங்கீட்டுக் குழு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மூன்று மாநிலமும் அவரவர் பொறியாளரோடு அவரவர் எண்ணைக் கொண்டுவரும். அதற்கு முன்னால் கரையோரத்து ஆட்களே ஒரே முறையில் அளந்த எண் இருந்தால், எந்தக் குழுவும் அதைத் தள்ளிவிட முடியாது. வெள்ளத்துக்கு முன், வெள்ளம் வடிந்த மறுவாரம், அப்புறம் மாதம் ஒருமுறை. கிணற்றின் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை அடி. கூடவே உப்பு அளக்கும் சின்னக் கருவி, கையடக்கமாகக் கிடைக்கிறது. புல்லூர், ஆம்பூர், விரிஞ்சிபுரம், திருவலம், வாலாஜா, வாயலூர். இந்த இழையில் இருப்பவர்களே போதும்.

#15 குப்பம் தமிழன்

எங்கள் பக்கம் மழை அளவும், எங்கள் ஊர்த் தடுப்பணையில் எந்தத் தேதியில் தண்ணீர் வழிந்தது என்பதும் நான் எழுதிவைக்கிறேன். வழியத் தொடங்கின நாளும் புல்லூரில் வந்த நாளும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா பார்ப்போம். ஒத்துப்போகாவிட்டால் சண்டை போட நல்ல காரணமாவது கிடைக்கும்.

#16 ஆம்பூர் டேனரி

உப்புக் கருவி என்னிடம் இருக்கிறது. அளவைத் திருத்திப் பார்க்கும் கரைசலும் இருக்கிறது, அது இல்லாமல் எடுத்த எண்ணை வழக்கறிஞர் ஒரே கேள்வியில் கிழித்துவிடுவார்.

#17 விரிஞ்சிபுரம் தென்னந்தோப்பு

மட்டம் குறித்து நிறுத்தச் சொல்லும் விஷயத்தில் நான் இன்னும் உங்கள் கட்சி இல்லை, அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நகரம் முதலில் நிறுத்தட்டும். அளப்பதற்கு என் கிணறு வேண்டுமானால் வாருங்கள் வாத்தியாரே. கல்கட்டுக் கிணறு, ஆற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளி. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் வந்துவிடவேண்டும், ஓடி நின்ற கிணற்றை அளந்தால் நாலு அடி பொய் சொல்லும்.